நாலாவது கேள்விக்கு அத்தான் சொன்ன பதில்

எங்கள் அத்தானுக்கு விமானம் ஓட்டத் தெரியும். பொய் சொல்லத் தெரியாது. ஒருமுறை அக்கா, விருந்துக்குப் போகச் சோம்பல்பட்டு, தனக்குக் காய்ச்சல் என்று தோழியிடம் போனில் சொல்லச் சொன்னாள். எத்தனை டிகிரி என்று தோழி அக்கறையாகக் கேட்டாள். "தெர்மாமீட்டர் வைக்கலீங்க, காய்ச்சல் இல்லாததுனால" என்றார் அத்தான். அந்தத் தோழி இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டியதாயிற்று. பதினோரு வருடம் அவர் துணை விமானியாக இருந்த சின்னச் சரக்கு விமானக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பெரிய நிறுவனத்தில் சேர நாற்பத்தைந்து வயது தாண்டக் கூடாது. ஒருமுறை தோற்றால் அடுத்த விண்ணப்பம் ஒரு வருடம் கழித்துத்தான். அத்தானுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது, எட்டு மாதம். இந்த வாய்ப்பும் போனால் இனி அவர் விமானத்தில் பயணியாகத்தான் ஏற முடியும்.

முதல் மூன்று கட்டங்களையும் தட்டுத் தடுமாறித் தாண்டிவிட்டார். முதலில் லைசென்ஸையும் லாக் புக்கையும் வாங்கி, பறந்த மணி நேரங்களை வரி வரியாகக் கூட்டிப் பார்த்தார்கள். பிறகு கணினித் தேர்வு. கை ஒரு புள்ளியைத் துரத்த வேண்டும், வாய் கூட்டல் கணக்குச் சொல்ல வேண்டும். அதன்பின் ஆறு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, பாலைவனத்தில் மாட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தண்ணீர் முக்கியமா, கம்பளி முக்கியமா என்று நாலு பேர் குரலை உயர்த்திக்கொண்டிருக்க, அத்தான் "இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு, அவர் இன்னும் பேசவே இல்ல" என்று ஓரமாக இருந்தவரைக் காட்டினாராம். அதற்கே தேர்ச்சி.

நேர்முகம் என்றதும் அவரைவிட நான்தான் அதிகம் பதறினேன். இந்த வெளிநாட்டில் வேலை இல்லாவிட்டால் அவருக்கு விசா போகும், விசா போனால் வீடு போகும் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, விமானிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி பதில் ஃபைல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். நாற்பது கேள்வி, நாற்பது பளபளப்பான பதில். அக்கா அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே தேர்வை ஆரம்பித்தாள்.

"நாலாவது கேள்வி. வேலையில நீங்க செஞ்ச ஒரு தப்ப சொல்லுங்க."

அத்தான் வெங்காயம் உரித்துக்கொண்டே, "எந்தத் தப்பு?" என்றார்.

"ஃபைல்ல இருக்கிற தப்பு. வானிலை அறிக்கைய அவசரத்துல தப்பாப் படிச்சிட்டேன், உடனே கேப்டன்கிட்ட ஒத்துக்கிட்டேன், பத்திரமா திரும்பி வந்தோம், கூட்டு முயற்சியோட அருமைய அன்னிக்குத்தான் உணர்ந்தேன்."

"அது நான் செய்யலையேம்மா."

"நீங்க செஞ்சத வெளிய சொல்ல முடியுமா? அந்த ஐஸ்கிரீம் கதைய மட்டும் அங்க எடுத்தீங்க, அப்புறம் நான் பொல்லாதவளாயிடுவேன்."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்று அத்தான் வெங்காயத்திடம் சொன்னார்.

"மாப்ள, உனக்கும் சேத்துத்தான் சொல்றா" என்று என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

நாலு நாளில் மனப்பாடமாகிவிட்டது. "அருமைய உணர்ந்தேன்" என்னும் இடத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த இடத்தில் இரும அக்கா பழக்கிவிட்டாள்.

தேர்வு நாளன்று நானும் அக்காவும் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மதியம் மூன்றரைக்கு அத்தான் வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார், அக்காவிடமிருந்து மிகத் தள்ளியிருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்க" என்றாள் அக்கா.

"முழுசாக் கேளு முதல்ல."

நடந்தது இதுதான். காத்திருக்கும் அறையில் அவருக்குப் பக்கத்தில், விமானப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்துகிற ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் காதைத் தீட்டினார். வானிலை அறிக்கை, கேப்டன், பத்திரமாகத் திரும்பியது, கூட்டு முயற்சியின் அருமை. எழுத்துப் பிசகாமல் நம் ஃபைல்! அவள் உள்ளே போய் இருபது நிமிடத்தில் முகம் சிவக்க வெளியே வந்தாள்.

"சார், உங்ககிட்டயும் அந்த வானிலை இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"விட்டுடுங்க. காலைல இருந்து நான் மூணாவது ஆளாம். 'எந்த ஊரு மேகம்மா அது, வர்றவங்கள எல்லாம் திருப்பி அனுப்புது?'ன்னு கேட்டுட்டாங்க."

அடுத்து அத்தானைக் கூப்பிட்டார்கள். உள்ளே தலைமைக் கேப்டனாக ஒரு அம்மாள், பக்கத்தில் மனிதவள அதிகாரி. மூன்று கேள்வி ஒழுங்காகப் போயிற்று. நாலாவதும் வந்தது. அத்தானிடம் இருந்தது இரண்டே தவறு. ஒன்று ஃபைலில் இருந்தது, இன்னொன்று அவருடையது.

"ஒருநாள் ஆயிரத்து நூறு கிலோ ஐஸ்கிரீம் கொண்டுபோகணுங்க" என்று ஆரம்பித்தாராம்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உருகிவிடும் என்பதால் பெட்டிகளைக் கடைசி நிமிடம் வரை குளிர் அறையில் வைத்திருந்தார்கள். சரக்கு ஏறிவிட்டதாகக் காட்டும் எடைத்தாள் மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது. கேப்டன் கையெழுத்துப் போட்டார். வெளியே மழை பிடித்தது. விமானத்தைச் சுற்றிப் பார்க்கப் போன அத்தான், சாரல் உள்ளே அடிக்கிறதே என்று சரக்குக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். பிறகு இருவரும் சரிபார்ப்புப் பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தார்கள். சரக்குக் கதவு? மூடியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. விமானம் நகர்ந்தபோது சுமையேற்றுபவர்கள் கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்கள். கேப்டனும் பாசமாகக் கையை ஆட்டினார்.

"மேல ஏறும்போது சந்தேகம் வரலையா?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். "காலி விமானம் பட்டம் மாதிரி ஏறுமே?"

"ஏறுச்சுங்க. 'இன்னிக்கு எஞ்சின் நல்ல மூடுல இருக்கு'ன்னார் கேப்டன். நானும் கொஞ்சம் என்னையே மெச்சிக்கிட்டேன்."

"எப்பத்தான் தெரிஞ்சுது?"

"எறங்கினப்புறம். கடைக்காரர் குளிர் வண்டியோட வந்து கதவத் தொறந்தார். ரொம்ப நேரம் உள்ளயே பாத்துட்டு, 'சார், கரைஞ்சுடுச்சா?'ன்னார்."

மனிதவள அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியதாம். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "யார் தப்பு?" என்றார்.

"ஏத்துறவங்க தலைல போட்டுடலாம்னார் கேப்டன். ஆனா கதவ மூடினது என் கை. உள்ள எட்டிப் பாக்காததும் நான்தான். அப்படியே எழுதிக் கொடுத்தேன். பட்டியல்ல ஒரு வரி சேக்கச் சொன்னேன்: கதவை மூடுமுன் உள்ளே பார்."

"சேத்தாங்களா?"

"சேத்தாங்க. அதுக்கப்புறம் காலியாப் போகவே இல்ல, கம்பெனிய மூடுற வரைக்கும்."

அத்தான் சொல்லி முடித்தபோது அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

"நாற்பது பதில் படிச்சுக் கொடுத்தேன். ஒரே ஒரு பொய், அதச் சொல்ல வாய் வரல உங்களுக்கு."

"அந்தப் பொய்யச் சொன்னவங்க மூணு பேரும் மாட்டிக்கிட்டாங்களேம்மா."

"அவங்களுக்கெல்லாம் வயசு இருக்கு. அடுத்த வருஷம் வருவாங்க. நீங்க?"

அத்தான் மேஜையில் இருந்த ஃபைலை எடுத்து ஓரங்களைச் சரிசெய்து வைத்தார். அந்தக் கேள்விக்கு அதிலும் பதில் இல்லை.

எட்டு நாள் அந்த வீட்டில் போன் அடித்தாலே அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். ஒன்பதாம் நாள் காலை நிறுவனத்திலிருந்தே அழைத்தார்கள். அத்தான் விமானிப் பழக்கத்தில் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார்: "வியாழன், ஏழு மணி, நாலாம் வாசல், சிமுலேட்டர்."

"தேறிட்டீங்களான்னு கேளுங்க!" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"மேடம், என் வீட்ல நான் தேறிட்டேனான்னு கேக்கறாங்க" என்றார் அத்தான். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல, போனைக் கையால் மூடிக்கொண்டு, "தேறாதவங்கள சிமுலேட்டருக்குக் கூப்பிடறது வழக்கமில்லையாம்" என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிமுலேட்டர் என்னும் அந்தப் பாவனை விமானத்தில் சுமாராக ஓட்டினார். ஓட்டும்போது பக்கத்தில் இருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டியதால் அது நல்லதாகக் கணக்கிடப்பட்டது. உண்மைக்கு இவ்வளவு மவுசா என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து வந்த உடல் பரிசோதனையில் மருத்துவர் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு, "மச்சினன் வந்தா உண்டு" என்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

கடைசியாக, வேலை உத்தரவோடு சீருடை அளவுப் படிவம் வந்தது.

"இடுப்பு முப்பத்தாறுன்னு போடுங்க. சேர்றதுக்குள்ள கொறைச்சிடலாம்" என்றாள் அக்கா.

அத்தான் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை நன்றாக விட்டுவிட்டுப் பார்த்தார். நாற்பது என்று எழுதினார். அக்கா படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தாள், அவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"நாற்பத்தொண்ணாப் போடுங்க" என்றாள். "இனிமே வேளாவேளைக்குச் சாப்பிடுவீங்கல்ல."