யாருமே நினைக்காத ஒன்று

சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டோபி காட் ரயில் நிலையம் பக்கம் நடந்தேன். பின்னால் எங்கள் மேளக்குழுவை நடத்தும் அண்ணன் என்னைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பவில்லை.

உயர்நிலை இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். துறைமுகம், லாரி, காவல் வேலை என்று எதிலும் நிலைத்ததில்லை. நிலைத்தது தோ பாயோவில் எங்கள் உறுமி மேளக் குழுவில் மட்டும்தான். தைப்பூசத்துக்கும் சாவுக்கும் ஒன்றாக அடித்தோம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு நானே பார்த்துக்கொண்டேன். வீட்டில் வேறு ஆளில்லை. குளிப்பாட்டினேன், டயப்பர் மாற்றினேன், தலை பின்னிவிட்டேன். அவள் பாவாடைகளைத் துவைத்து, சன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில் காயப்போட்டேன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல்மேசையில் உட்கார்ந்திருந்த குழு அதைப் பார்த்துவிட்டது.

"டேய், ஆயா துணி காயப்போடுது லா!"

"மச்சான், இந்த வருஷம் நீ பொம்பளைங்களோட பால்குடம் எடு. மேளத்த நாங்க பாத்துக்கிறோம்."

நானும் சிரித்தேன். பிறகு ஒத்திகைக்குக் கூப்பிடுவது நின்றது. அம்மா இறந்தபோது வந்தார்கள், கூடாரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், போனார்கள். உறுமியை எடுத்து வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் சாவுக்கெல்லாம் அடித்த கைகள். சத்தமே இல்லாமல் அம்மாவைத் தகனச் சாலைக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு தெம்பனிஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை இருப்பதாக, அம்மாவைப் பார்த்த தாதி சொன்னார். இழுத்தடித்தேன். அந்த வேலைக்குப் போனால் குழு என்னை ஒருநாளும் சேர்க்காது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் எடுப்போம் என்றார்கள் இல்லத்தில்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம லிட்டில் இந்தியாவுக்கு வா. யுனிவர்சிட்டி பொண்ணு ஏதோ ரிசர்ச் பண்ணுது. குழுவா வரச் சொல்லுது, ஒரு ஆள் கொறையுது."

குறைகிற ஆள் நான்தான் என்பதே எனக்குப் போதும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

உளவியல் படிக்கும் தமிழ்ப் பெண். ஆண்பிள்ளை என்றால் இப்படி என்று நம்மவர்கள் எதையெல்லாம் நம்புகிறார்கள், அதை மீறுகிறவனை எவ்வளவு தூரம் ஒதுக்குகிறார்கள் என்று அளக்கிறாளாம். ஓர் அறையில் எங்களை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து இரண்டு கேள்வி கேட்டாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் குழுவில் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? பெயர் போடாமல் சீட்டில் குறித்தோம்.

'ஆண்பிள்ளை தாயைக் குளிப்பாட்டுவது கேவலம்.' 'அப்படிச் செய்பவனைக் குழுவில் வைத்துக்கொள்ளக் கூடாது.'

யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

முடிந்ததும் எல்லாவற்றையும் கூட்டிப் பலகையில் காட்டினாள். கேவலம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மற்றவர்கள் கேவலமாக நினைப்பார்கள் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் குறித்திருந்தேன்.

"இன்ட்ரெஸ்டிங்கா இருக்குல்ல, அங்கிள்?" என்றாள். என் கதை அவளுக்குத் தெரியாது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நான் ஒன்னும் நெனைக்கலடா. பசங்க சங்கடப்படுவாங்கன்னுதான்..."

"நாங்களா?" என்றான் தவில் அடிப்பவன். "உங்களுக்குப் பிடிக்காதுன்னுல்ல நாங்க வாய மூடிக்கிட்டு இருந்தோம்!"

"சரி விடு லா," என்றார் அண்ணன். என்னைப் பார்த்தார். "செவ்வாக்கெழம ப்ராக்டிஸ். வந்துரு."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் வெறுத்துத் தள்ளியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒருவனுக்கும் வெறுப்பில்லை. என் அம்மா மட்டும் மேளமில்லாமல் போனாள். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

டோபி காட்டில் ரயில் ஏறியபோது அண்ணன் மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை.

மறுநாள் காலை தெம்பனிஸ் இல்லத்தில் எனக்குக் கையுறை கொடுத்தார்கள். முதலில் குளிப்பாட்ட ஒரு சீனக் கிழவர். பேச்சு வராது. தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்த்துவிட்டு, அவர் தோளிலிருந்து ஆரம்பித்தேன்.