ஒன்பது ராத்தல் பிள்ளையும் நானும்

எங்கள் பிரசவ விடுதியில் பிறக்கிற எந்தக் குழந்தையும் பிறந்த நிமிஷத்திலேயே தோற்றுப்போய்விடும். தராசில் போட்டு, "ஆறு ராத்தல்" என்று நான் சொல்வேன். பெரிய நர்சம்மா எட்டிப் பார்த்து, "ஆறா? என் பெரியவன் ஒம்போது" என்பார். பெற்றவள் இன்னும் முழுசாகக் கண்ணைத் திறந்திருக்க மாட்டாள். அதற்குள் அவள் பிள்ளைக்கு இரண்டாம் இடம்.

விடுதி மலையடிவாரத்தில் இருந்தது. இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு ஆயா, மருத்துவச்சி வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். உண்மையில் நாங்கள் இருவருமே நர்ஸ் இல்லை. ஊர் ஜனங்கள் அவரைப் பெரிய நர்சம்மா என்றும் என்னைச் சின்ன நர்சம்மா என்றும் கூப்பிட்டார்கள். சம்பளம் இல்லாமல் வருகிற பதவி உயர்வை யார் வேண்டாம் என்பார்கள்?

அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒன்பது ராத்தல் பெரியவன் சித்தூரில் தங்கிப் படித்தான். கணக்கில் அவனை மடக்க வாத்தியாரே பயப்படுவாராம். சின்னவன் பாடினால் மலைப்படி ஏறுகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்களாம். (மூச்சு வாங்கி நின்றிருப்பார்கள் என்று ஆயா சொன்னாள்.) கடைசி மகள் ஐந்தாம் வகுப்பு. தமிழும் தெலுங்கும் தண்ணீர் பட்ட பாடு.

எனக்கு இருபத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. எதிர்த்துப் பேச என்னிடம் ஒரு பிள்ளைகூட இல்லை. இருந்தது நான் மட்டும்தான். எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். எட்டாவது பாஸ், அதற்கு மேல் வேலூரில் பயிற்சி. என் நைனா ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர், கைநாட்டு. வேலையில் சேர்ந்த முதல் நாள், போகிற போக்கில் சொல்வதுபோல இதைப் பெரிய நர்சம்மாவிடம் சொன்னேன்.

"எட்டாங்கிளாசா?" என்றார். "என் சின்னவன் இப்ப ஏழு. அடுத்த வருசம் அவனும் எட்டு."

சூரனைக் கொன்ற கோபமே இந்த மலையில் தணிந்துவிட்டது என்பார்கள். முருகன் சண்டை போட்டது சூரனோடுதானே. பெரிய நர்சம்மாவோடு நாள் முழுக்க வேலை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தோம், நானும் ஆயாவும். கத்தரிக்கோல்களை வேகவைக்க ஸ்டவ்வில் தண்ணீர் வைக்கும்போது பந்தயம் கட்டுவோம். தண்ணீர் கொதிப்பதற்குள் பெரிய நர்சம்மாவின் பேச்சில் மூன்று பிள்ளைகளில் யார் வருவார்கள்? தோற்றவள் அன்றைய ரத்தத் துணிகளை அலச வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து வந்துவிட்டால் ஆட்டம் செல்லாது.

இதற்கு நடுவில், என் நைனா ஒருநாள் வண்டியில் ஏறிய பக்தர்களிடம், "எம் பொண்ணு நர்சு, வெள்ள சேல கட்டிகினு போவும்" என்று சொல்லிக்கொண்டே வந்ததைக் கேட்டு, அவரோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. பெருமை பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெருமை இருந்தால் போதாதா?

அப்போது எங்கள் ஊர் ஆந்திராவோடு சேர்ந்திருந்தது. அதனால் சித்தூரிலிருந்து ஒரு உத்தரவு வந்தது: வேலை நிரந்தரமாகாதவர்கள் தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதலாம். இரண்டிலும் தவறினால் வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் என் அம்மா தயாராக இருந்தாள். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த மாமன் மகன், எனக்குப் பாவா, கட்டிக்கொள்ளும் முறை. வேலை போனால் மறு முகூர்த்தத்தில் கல்யாணம். பாவா நல்லவன்தான், எருமைபோல அமைதி. ஆனால் வெள்ளைச் சேலையை மடித்து வைத்துவிட்டு டீ கிளாஸ் கழுவவா நான் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன்?

முதல் பரீட்சைக்கு எனக்குப் பயமே இல்லை. எங்கள் ஊரில் யாருக்குத் தெலுங்கு வராது? விடுதியில் பாதிப் பேர் தெலுங்கில்தான் கத்துவார்கள். நானும் தெலுங்கிலேயே தட்டிக்கொடுப்பேன், தெலுங்கிலேயே திட்டுவேன். சித்தூரில் அதிகாரி கேள்வியை வாசித்தார்: கிராமத்தில் அம்மை போட்டிருக்கிறது, மேலதிகாரிக்குக் கடிதம் எழுதுக. மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். சுத்தத் தெலுங்கு, ஒரு தமிழ் வார்த்தை கலக்கவில்லை. எழுத்து மட்டும் தமிழ் எழுத்து. எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. முடிவும் தெலுங்கில் இருந்தது. பாஸா, பெயிலா என்றுகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பெரிய நர்சம்மாவுக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். அவரிடம் கேட்பதற்குப் பாவாவையே கட்டிக்கொள்ளலாம்.

பின்கட்டில், துணி துவைக்கிற கல்லின்மேல் அவருடைய கடைசி மகள் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, அம்மாவோடு வீட்டுக்குப் போகக் காத்திருப்பாள். கோரைப்பல் இரண்டும் விழுந்து, அதில் ஒன்று பாதி முளைத்திருந்தது. சும்மா கேட்பதுபோலக் காகிதத்தை நீட்டினேன்.

"சைபர்க்கா" என்றாள். அப்புறம் காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தாள். "தெலுங்கு நல்லா கீதாம். எழுத்துதான் இல்லியாம். இன்னாக்கா எழுதின?"

சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பாதிப் பல்லும் விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

"நான் சொல்லித் தர்றேன்" என்றாள். "தெனம் ஒரு மருந்து பாட்டிலு தரணும், காலி பாட்டிலு. அப்பால எங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"நான் எதுக்குச் சொல்றேன்? நீதான் சொல்லக் கூடாது."

"சொன்னா வெங்காயம் விக்கிறவன் வரிக்கும் தெரிஞ்சிடும்க்கா. போன வருசம் பள்ளிக்கூடத்துல ஒரு பாட்டு பாடினேன். பத்து வூட்ல நிக்க வச்சி பாட வச்சிட்டாங்க. தொண்டை கட்டிப் போச்சி."

அன்றுதான் தெரிந்தது, அந்தப் பெருமைக்கு என்னைவிட அதிகமாக அடிபட்ட ஒருத்தி இருக்கிறாள் என்று.

நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பாடம். துணிக்கல்தான் பலகை, கரித்துண்டுதான் பலப்பம். தெலுங்கில் ஒரு 'க' போதாமல் நான்கு வைத்திருக்கிறார்கள். "எங்க வூட்ல ஒரே க-வ வச்சிகினு ஏழு பேரு பொழைக்கிறோம்" என்று சொல்லிப் பார்த்தேன். "பேசாம எழுது" என்றாள் டீச்சர். அவளுடைய வாத்தியாரின் பழக்கமெல்லாம் அவளுக்கு வந்திருந்தது. மூன்று தப்புக்கு மேல் போனால் முட்டி போட வேண்டும். வெள்ளைச் சேலையோடு நான் கல் பக்கத்தில் முட்டி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

பெரிய நர்சம்மா வழக்கம்போலத்தான் இருந்தார். சரியாக நாலு மணிக்கு, "ஏம்மே, பின்னால போய்த் துணி காஞ்சுதா பாரு. உள்ள நான் பாத்துக்கறேன்" என்று விரட்டுவார். மழை பெய்த நாளில்கூட விரட்டினார். மூத்தவள் என்ற அதிகாரம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போவேன். இன்னொன்றும் நடந்தது. நான் வழக்கமாக மகள்மேல் பந்தயம் கட்டுகிறவள், வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். பெரியவனும் சின்னவனும் மட்டும்தான் வந்தார்கள். மகள் பக்கம் ஏதோ வறட்சி என்று நினைத்து, நாலு மாதம் துணி அலசினேன்.

இரண்டாவது பரீட்சை. எழுதி முடித்ததும், ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது, உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கிணறு வெட்டப் பணம் கேட்டு யாரோ எழுதிய விண்ணப்பத்தை, ஐந்தாம் வகுப்புச் செய்யுள் ராகத்தில், ஒவ்வொரு வரி முடிவிலும் இழுத்து வாசித்தேன். எனக்கு வேறு ராகம் சொல்லித் தரப்படவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வாத்தியாரு யாரும்மா?"

"அஞ்சாங்கிளாஸ் சார்."

"அஞ்சாங்கிளாஸ் வாத்தியாரா?"

"இல்ல சார். அஞ்சாங்கிளாஸ் படிக்குது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோலக் கைக்குட்டையை நீண்ட நேரம் வைத்திருந்தார். திரும்பி வந்து இதை ஆயாவிடம் மட்டும் சொன்னேன்.

இந்தத் தடவை வந்த தபாலை நானே, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தேன். நாற்பத்தொன்று. முப்பத்தைந்து போதும். வேலை என்னுடையது, சேலை என்னுடையது, பாவா வேறு பெண் பார்க்கலாம்.

அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. யார் சொல்லிக் கொடுத்தது என்று பெரிய நர்சம்மா கேட்டால்? உண்மையைச் சொன்னால், சாகும்வரை வைத்துச் சுட நானே அவருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த மாதிரி. டீச்சருக்குக் கொடுத்த வாக்கு வேறு. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆயா.

"பாஸ் ஆயிட்டேன்க்கா."

"ஆங்" என்றார். மடித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான். பெரியவன் வரவில்லை, சின்னவன் வரவில்லை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. "ஒடம்பு சரியில்லியாக்கா?"

"எங்க வூட்டு ஜன்னல்ல மருந்து பாட்டிலு வரிசையா நிக்குது" என்றார். "ஜன்னலத் தொறக்க முடியல. எனக்கென்ன கண்ணு இல்லியா?"

ஆயாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். இந்த நாலு மாதப் பந்தயத்தில் அவள் ஏன் ஒருமுறைகூட மகள்மேல் கட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாலு மாசமா வாயே தொறக்கலியேக்கா?"

"தொறந்தா நீ எழுந்து போயிருப்ப. உனக்கு கீற திமிருக்கு பெயிலாகி டீ ஆத்தப் போவியே ஒழிய, எம் பொண்ணுகிட்ட படிக்கிறேன்னு ஒத்துப்பியா?"

"அத்த ஏன் கேக்கற சின்ன நர்சம்மா" என்றாள் ஆயா. "பத்து மாசம் சொமந்தவங்களுக்குக்கூட இவ்ளோ கஷ்டம் இல்ல. வாய் வரிக்கும் வரும், முழுங்குவாங்க. தண்ணி குடிப்பாங்க. மறுபடியும் வரும்."

எனக்குத் திமிர் என்று சொன்னதற்காகப் பெரிய நர்சம்மாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது உண்மைதான். அதற்காகச் சொல்லிவிடுவதா?

மறுநாள் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை வண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். நான் கால்மாட்டில் நின்றேன். பெரிய நர்சம்மா தலைமாட்டில் நின்று, அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். நாலு மாதம் அடைத்து வைத்த மதகு.

"பயப்படாதம்மா. இதோ நிக்குதே சின்ன நர்சம்மா, இது யாருன்னு நெனச்ச? எம் பொண்ணுகிட்ட படிச்சது. வண்டிக்காரரு பொண்ணு. அவங்க வம்சத்துலயே மொதல்ல படிச்சது இதுதான். தெலுங்குல தொண்ணூறு மார்க்கு. இது படிச்சதக் கேட்டு சித்தூரு ஆபீசரு அழுதுட்டாராம்."

ஒன்பது ராத்தல் பெரியவன், பாட்டுக்காரச் சின்னவன், டீச்சர் மகள், அடுத்து நான். வரிசையில் நாலாவது பிள்ளையாக என்னையும் சேர்த்தாகிவிட்டது.

அந்தப் பெண் வலியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "தொண்ணூறா?"

நாற்பத்தொன்று நாக்கின் நுனியில் இருந்தது.

"ஆங்" என்றேன். "பேசாம முக்கும்மா."