பாகம் பிரியாத ராஜ்ஜியம்

திருமலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கெட்டதாகச் சொல்ல யோசிக்கவே வேண்டாம். 2006-இல் கல்மண்டபம் பகுதியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். தினமும் காலை பத்து மணிக்கு வந்து மூலைக் கம்ப்யூட்டரில் உட்காருவான். முப்பது வயசு, தேய்த்த சட்டை, கையில் ஒரு காய்ப்புகூடக் கிடையாது. கடலுக்குப் போக வேண்டிய ஆள். அப்பா விட்டுப்போன ஃபைபர் போட்டை வேறு ஆட்கள் ஓட்டினார்கள். கரைக்கு வந்த மீனை அவன் தங்கச்சி அங்கம்மா கூடையில் சுமந்து விற்றாள். இவன் இங்கே ராஜா.

அவன் ஆடியது பழைய காலத்து ஐரோப்பாவை ஆளும் கம்ப்யூட்டர் விளையாட்டு. சண்டையைவிடக் கல்யாணம்தான் அதில் அதிகம். எதிரி ராஜா வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தால் படை வராது. ராஜா செத்தால் நாடு பிள்ளைகளுக்குப் பாகம் பிரியும். கட்டிக்கொடுத்த பெண்ணின் பிள்ளையும் ஒருநாள் பங்கு கேட்டு வந்து நிற்பான். எல்லாம் ஆங்கிலக் கடிதமாகத் திரையில் வரும். திருமலைக்கு ஆங்கிலம் வராது. நான்தான் படித்துத் தமிழில் சொல்வேன். மந்திரி உத்தியோகம் மாதிரி எனக்கும் அதில் ஒரு பெருமை.

பாகம் பிரியாமல் இருக்க அவன் செய்ததைப் பார்த்தால் குமட்டும். இளைய மகன்களைப் பிடித்துச் சாமியாராக்குவான். ஒருவனைத் தோற்கிற சண்டைக்கு வேண்டுமென்றே அனுப்பினான். அந்தப் பிள்ளை செத்த கடிதத்தை நான் படித்தபோது, பஜ்ஜி தின்றுகொண்டே தலையாட்டினான். பொம்மைதானே என்று நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் வரதன் என்பவரின் விசைப்படகு இவர்கள் வலையைக் கிழித்தது. ஊர்ப் பஞ்சாயத்துவரை போன சண்டை. திருமலை எழுந்து கடலுக்கா போனான்? சமாதானத்துக்கு அங்கம்மாவை வரதனின் தம்பிக்குப் பேசி முடித்தான். நாளைக்கு மச்சான் பங்கு கேட்பானே என்று கூடவே பயமும் வந்துவிட்டது. வீட்டிலும் போட்டிலும் அங்கம்மாவுக்குள்ள பாதியைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்தான். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டான்.

பதிவு அலுவலகத்துக்கு அங்கம்மா மீன் விற்ற கையோடு வந்தாள். மூன்றாவதோடு நின்ற படிப்பு. பேரை எழுதுவாள், பத்திரத் தமிழ் ஓடாது. காகிதத்தை என்னிடம் நீட்டி, "அண்ணா, இதுல இன்னா எழுதி கீது?" என்று கேட்டாள்.

திருமலை என்னைப் பார்த்தான். கல்யாணத்துக்கான காகிதம்தான் என்றேன். நல்ல காரியத்தில் எதற்குத் தகராறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே அதிகாரி சம்மதமா என்று கேட்டதற்கு, சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன்.

பத்தே நாளில் விஷயம் வரதன் வீட்டுக்குத் தெரிந்தது. பாதி போட் வரும் என்றுதான் அவர்களும் பெண் எடுக்க வந்திருக்கிறார்கள். த்தூ. பங்கை எழுதிக் கொடுத்துவிட்ட பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அங்கம்மாவின் முகத்துக்கு நேராகவே சொல்லி நிச்சயத்தை முறித்துவிட்டுப் போனார்கள். தன்னிடம் பங்கு இல்லை என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

மறுநாள் திருமலை அதே பத்து மணிக்கு வந்தான். பத்திரத்தை ரத்து செய்து அவள் பங்கைக் கொடுத்துவிடு என்றேன்.

"இன்னாத்துக்கு மாமு? கல்யாணம்தான பூட்ச்சி. போட் பாகம் பிரியாம முழுசா கீதே" என்றான். சொல்லிவிட்டு, திரையில் வந்திருந்த கடிதத்தைப் படிக்கச் சொன்னான். நானும் படித்துச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் வாயைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

அவன் போன பிறகு, மத்தியானம், அங்கம்மா பத்திரத்தின் நகலோடு வந்தாள். சென்டரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் அழவில்லை, கத்தவில்லை. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். 'என் சுயபுத்தியுடன், யாருடைய வற்புறுத்தலுமின்றி' என்ற இடத்தில் நிறுத்தினேன். அவள் காத்திருந்தாள். 'சாட்சி: மனோகரன்' என்ற வரிவரை படிக்க வைத்தாள்.

நகலை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கும் இதே எழுத்துதானே இருந்துச்சு, அண்ணா?" என்றாள்.