வேதாவின் குரல் விழாத ரயில்கள்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கலையரசன் மட்டும் மலைக்கு எந்தப் பக்கம் நின்றால் வெளிச்சம் சரியாக விழும் என்று பார்ப்பார். டீசல் எஞ்சின் வளைந்து வரும்போது பின்னால் மலை தெரிய வேண்டும். அதற்கு மேல் அவருக்கும் அண்ணாமலையாருக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை.

திண்டிவனம் ரோட்டில் அவருக்கு ஒரு பேட்டரி கடை. ஆட்டோ பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் சார்ஜுக்கு வரும். ஸ்டேஷன் பக்கமிருந்து ஹார்ன் கேட்டால் போச்சு, எதிரே நிற்கிற ஆள் என்ன சொல்கிறான் என்பது காதிலேயே ஏறாது. "இது ஈரோட்டு இன்ஜினு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தண்ணீர் ஊற்ற வேண்டிய பேட்டரியை அப்படியே மூடிக் கொடுத்தனுப்பி, மறுநாள் ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அப்படிப்பட்ட மனிதர் இந்தத் தை மாதம் முழுக்கக் கடைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்காக எடுத்துச் சேர்த்த ரயில் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரலைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் மனைவி வேதாவின் குரல்.

தீபத் திருவிழா முடிந்த கையோடு வேதாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும்; சிரிப்பாள், தலையாட்டுவாள்; வாயைத் திறந்தால் "ஆ" என்ற ஒரே சத்தம்தான். வேலூரில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவரிடம் கூட்டிப் போனபோது அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அவங்க முன்னாடி பேசுன வீடியோ, ஆடியோ எதுனா இருந்தா எடுத்துட்டு வாங்க சார். எவ்ளோ வேகமா பேசுவாங்க, எந்த வார்த்தைய ஜாஸ்தி சொல்வாங்கன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். அவங்களுக்கும் போட்டுக் காட்டலாம்."

"அதுக்கென்ன மேடம், எங்கிட்ட ஆயிரம் வீடியோ இருக்குது" என்று கலையரசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். திரும்பி வரும் பஸ் கண்ணமங்கலம் தாண்டும்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் வேதா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே அவருக்கு முகமில்லை.

ஏனென்று சொல்ல வேண்டுமானால் இந்த ரயில் பைத்தியங்களின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். பைத்தியம் என்று நான் சொல்லவில்லை, அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வதுதான். காலேஜ் பையன் முதல் ரிட்டையர் ஆன அதிகாரி வரை எல்லாரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருப்பார்கள். எந்த எஞ்சின் எந்த ஊர்ப் பட்டறையைச் சேர்ந்தது, எதற்கு எந்த ஹார்ன் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. வண்டி தூரத்தில் தலைகாட்டியதும் உதட்டில் விரல் வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் கடைசிப் பெட்டி போகும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. எஞ்சின் சத்தத்துக்குள் மனுஷக் குரல் விழுந்தால் அந்த வீடியோ குப்பை.

கலையரசனுக்குப் பிடித்தது ஆல்கோ என்கிற பழைய ரக டீசல் எஞ்சின். நின்ற இடத்தில் டொக்கு டொக்கென்று இருமிக்கொண்டே இருக்கும். கிளம்பும்போது கரும்புகையைக் கக்கி, நம் காலுக்கடியில் மண்ணை நடுங்க வைக்கும். அந்த நடுக்கம் செருப்பு வழியாக ஏறி நெஞ்சுக்கு வரும்போது அவருக்குக் கண் கலங்கும். கல்யாணத்தில்கூடக் கலங்காத கண் என்று வேதா கேலி செய்வாள்.

வேதா ஓயாமல் பேசுவாள். வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பாள். அளவு கொடுக்க வந்தவள் சமையலறை வரை போய்க் காபி குடித்துவிட்டுத்தான் திரும்புவாள். பௌர்ணமிக்கு மலை சுற்றப் போனால், அடி அண்ணாமலை வருவதற்குள் முன்பின் தெரியாத பெண்களின் மாமியார் கதை வரை இவளிடம் வந்துவிடும். இப்படிப்பட்டவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை மூடும் புருஷனோடு இருக்க ஒரே வழி, அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறித் தண்டவாளத்துக்குப் போவதுதான். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு சந்தோஷமாகவே போனாள்.

அங்கே போயும் வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, இவ்ளோ பெரிய இன்ஜினு, உள்ள ரெண்டே பேர்தானா? பாவம், அவங்க டிபன் சாப்ட்டு வந்திருப்பாங்களா?"

கலையரசன் உதட்டில் விரல் வைப்பார். அவள் கொஞ்ச நேரம் அடங்குவாள். எஞ்சின் கிட்டே வந்ததும் ட்ரைவருக்குக் கையாட்டுவாள், அவர் திருப்பிக் கையாட்டிவிட்டால் போதும், "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கத்திவிடுவாள். அன்றைய வீடியோ காலி. வீட்டுக்குப் போகும் வழியிலேயே கலையரசன் அதை அழித்துவிடுவார். அவள் வாய் தவறாத நாட்களின் வீடியோக்கள் மட்டும் பத்திரமாகச் சேர்ந்தன. அவர் பொக்கிஷம் என்று சேர்த்து வைத்த எல்லாமே வேதா பேசாத நிமிஷங்கள்.

வேறு எங்கும் அவள் குரல் கிடைக்கவில்லை. கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். வேதா வைத்திருந்தது பட்டன் ஃபோன். சென்னையில் வேலை பார்க்கும் மகள் வினோதினியோடு மணிக்கணக்கில் பேசினாள், எதுவும் பதிவாகவில்லை. எந்நேரமும் பேசுகிறவளின் பேச்சை யார் எடுத்து வைக்கப் போகிறார்கள்? குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரை யாரும் பாட்டிலில் பிடித்துப் பூட்டி வைப்பதில்லை.

ஒரே ஒரு வீடியோ மேல் அவருக்கு நப்பாசை இருந்தது. இந்தப் பாதையில் கரண்ட் கம்பி வந்த பிறகு டீசல் எஞ்சினைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. அப்படியிருக்க, போன வருஷம் ஜல்லி ஏற்றிப் போகும் ஒரு சரக்கு ரயிலுக்கு இரண்டு ஆல்கோ சேர்த்துப் போட்டிருப்பதாகக் குழுவில் செய்தி வந்தது. அடுத்து அவை இரண்டையும் உடைக்கத்தான் போகிறார்கள் என்றார்கள். கலையரசன் கடையைப் பாதியில் மூடிவிட்டு வேதாவோடு துரிஞ்சாபுரம் தாண்டி ஒரு வளைவுக்கு ஓடினார். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அவருடைய கூட்டாளி அர்பாஸும் வந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரப்பில் நின்றான்.

இரண்டு எஞ்சினும் புகையைக் கக்கிக்கொண்டு, பின்னால் மலையோடு, சொல்லி வைத்தாற்போல் வந்தன. சரியாக அந்த நேரம் வேதா ஏதோ சொன்னாள். கலையரசன் விரலைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை, எதையோ காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வேகன் போனதும் அவர் வெடித்தார்.

"ஒரு நிமிஷம் வாய மூடிகினு இருக்க முடியாதா உன்னால? போச்சு! இனிமே இது கெடைக்குமா?"

"இல்லீங்க, அது வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஏறு."

வேதா ஏறினாள். எலுமிச்சை சாதம் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தது.

அந்த வீடியோவை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. வேதாவின் பேச்சை எடுத்துவிட்டு, பழைய ஆல்கோ ஒன்றின் சத்தத்தை அதன்மேல் ஒட்டி, தன் யூடியூப் சேனலில் போட்டார். ஊரை ஏமாற்றலாம், ரயில் பைத்தியத்தை ஏமாற்ற முடியுமா? ஈரோட்டிலிருந்து ஒருவன் மறுநாளே எழுதிவிட்டான்: "படம் சூப்பர் சார். ஆனா ஹார்ன் இந்த இன்ஜினோடது இல்லையே?" கலையரசனுக்கு மானம் போனது. "பின்னாடி நின்னவங்க பேசிப் பேசிக் கெடுத்துட்டாங்க ப்ரோ, அதான் பழைய சவுண்டு" என்று பதில் போட்டார். அதற்குக் கீழே, அவர் யாரோடு போவார் என்று தெரிந்த இன்னொருவன், "வீட்டம்மாவை எல்லாம் ஏன் கூட்டிட்டுப் போறீங்க?" என்று எழுதினான். கலையரசன் அதற்கு ஒரு ஹார்ட் போட்டார். ஒரு சின்னச் சிவப்பு ஹார்ட். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

லீவுக்கு வந்த வினோதினி, வேடிக்கை என்று நினைத்து அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். வேதாவும் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலையரசன் ஸ்கூட்டரை வெளியே எடுத்தபோது, "நீங்க போய்ட்டு வாங்க. எனக்குத் தைக்கிற வேலை நெறைய இருக்குது" என்றாள். அப்புறம் அவள் வரவே இல்லை. அவர் ஏனென்று கேட்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருந்தது. சத்தம் சுத்தமாகப் பதிவானது.

இப்போது அந்த ஒட்டுப் போட்ட வீடியோவின் மூலத்தைத்தான் அவர் தேடினார். ஃபோனில் இடமில்லை என்று அதை அப்போதே அழித்திருந்தார். அர்பாஸிடம் ஃபோனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அழிச்ச எடத்துல வேற நெறைய ஏறிடுச்சுண்ணா. இனிமே வராது."

கலையரசன் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயசு தாண்டிய மனுஷன், நாலு பேர் வந்து போகிற கடையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அர்பாஸ் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"அண்ணா, அன்னிக்கு நானும் அந்தப் பக்கம் நின்னு எடுத்தேன். அண்ணி பேசுனது அதுல கேக்காது. ஆனா நீங்க ரெண்டு பேரும் தெரியுறீங்க. அனுப்பட்டுமா?"

அந்த வீடியோவைக் கலையரசன் கடையில் வைத்துத் தனியாகப் பார்த்தார். வண்டி கிட்டே வருவதற்குமுன் எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஃபோனைத் தூக்கிப் பிடித்த ஆள் ஒருவர். பக்கத்தில் கையில் பையோடு வேதா. அவள் வாய் அசைகிறது. கையை நீட்டி எஞ்சின் பக்கம் எதையோ காட்டுகிறாள். முகம் பூத்துக் கிடக்கிறது. அந்த ஆள் திரும்பி உதட்டில் விரல் வைக்கிறார்.

அந்த விரலை அவர் எத்தனையோ முறை வைத்ததுண்டு. வைக்கும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். கடையில் கடன் கேட்டு வருகிற ஆளிடம்கூட அவர் அப்படி முகத்தைக் காட்டியதில்லை. பிறகு எஞ்சின்கள் குறுக்கே வந்து இருவரையும் மறைக்கின்றன. வேகன்களுக்கு நடுவே இருக்கிற சந்துகளில் வேதாவின் புடவை விட்டு விட்டுத் தெரிகிறது. எல்லாம் போன பிறகு பார்த்தால் அவள் வாய் மூடியிருக்கிறது. நீட்டிய கை பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவள் எதைக் காட்டினாள்? யூடியூபில் போட்டிருந்த தன் வீடியோவையும் அர்பாஸின் வீடியோவையும் மாற்றி மாற்றிப் போட்டு, எஞ்சினின் முகப்பு, கூரை, ட்ரைவரின் ஜன்னல் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். மறுநாள் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். ஒரு வருஷம் கூடவே இருந்தாள், ஒரு நாளும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் சீக்கிரமே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். வேதா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. அவர் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து ஃபோனை அவள் மடியில் வைத்து வீடியோவைப் போட்டார்.

வேதாவுக்குத் தன்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. நல்லாயிருக்கிற இடது கையால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னா வேதா சொன்ன அன்னிக்கு? எதைக் காட்டுன?"

அவள் முகம் உடனே பரபரப்பானது. நினைவிருந்தது அவளுக்கு, அது கண்ணிலேயே தெரிந்தது. உதட்டைக் குவித்தாள், கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள். "ஆ... ஆ..." என்றாள். திரையைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தொட்டாள். மறுபடியும் "ஆ" தான் வந்தது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"வேணாம், வேணாம், வுடு" என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மேலதான் தப்பு வேதா. நீ பேசுனது ஒண்ணு கூட இல்ல எங்கிட்ட. எல்லாத்தையும் நானே அழிச்சுட்டேன். அந்த மேடம் கேட்டா நான் இன்னா சொல்வேன்? உன்ன எத்தினி வாட்டி வாய மூடு வாய மூடுன்னு..."

அவள் மடியில் ஃபோனில் ஹார்ன் ஒலித்தது. வளைவில் இரண்டு எஞ்சினும் தலைகாட்டின. வேதா அவர் பிடியிலிருந்து கையை மெல்ல உருவி, விரலை அவர் உதட்டின்மேல் வைத்தாள். கடைசி வேகன் போகும்வரை எடுக்கவில்லை.