தலைவருக்கு ஜோக் எழுதிய காலம்

மேடையில் பேசும்போது கூட்டம் சிரித்தால் அது தலைவரின் நகைச்சுவை உணர்வு. சிரிக்காவிட்டால் எழுதிக் கொடுத்தவன் சரியில்லை. முதலாளிக்குப் பேச்சு எழுதிப் பிழைக்கும் சக ஜீவன்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

எங்கள் தலைவர் திருவண்ணாமலையில் எம்.எல்.ஏ. சீட்டுக்குக் காத்திருந்தார். "உங்க மூஞ்சியைப் பாத்தாலே ஜனங்க பயப்படுறாங்க. கொஞ்சம் கலகலப்பா மாறுங்க, அப்புறம் சீட்டைப் பத்திப் பேசலாம்" என்று கட்சித் தலைமை சொல்லிவிட்டது. அவருக்கு சீட்டு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை.

கல்யாண ஜோக்

வேங்கிக்காலில் ஒரு கல்யாணம். நான் எழுதிய டாக்டர் ஜோக்கை, சாலை மறியலில் கோஷம் போடுகிற குரலில், விரலை நீட்டி நீட்டிச் சொல்லி முடித்தார் தலைவர். ஒருவரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை எழுந்து கைகட்டி நின்றுவிட்டார். பந்தியில் அவரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"என்னைத்தான் திட்றாருன்னு நெனச்சிட்டேங்க."

துண்டு சிக்னல்

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு செய்தேன். நான் துண்டால் முகத்தைத் துடைத்தால், முன்வரிசையில் இருக்கும் நம் ஆட்கள் சிரிக்க வேண்டும். இரண்டு கூட்டம் அமோகமாகப் போனது.

அடுத்தது ஒரு பிரமுகருக்கு இரங்கல் கூட்டம். கத்திரி வெயில், ஃபேனும் ஓடவில்லை. "அன்னாரின் கடைசி நாட்கள்..." என்று தலைவர் தழுதழுத்த நேரம் பார்த்து, என்னையறியாமல் வியர்வையைத் துடைத்துத் தொலைத்தேன். முன்வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. இறந்தவரின் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்கப்பா பண்ண கூத்தெல்லாம் இவங்களுக்கும் தெரியுமாங்க?"

மோர்ப் பந்தல்

பௌர்ணமி சாயங்காலம் கிரிவலப் பாதையில் எங்கள் மோர்ப் பந்தல். தலைமையிலிருந்து ஒருவர் நேரிலேயே பார்க்க வந்திருந்தார். இதுவும் சொதப்பினால் சீட்டு போச்சு. தலைவர் மோர் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக அதே டாக்டர் ஜோக்கைச் சொன்னார். சிரித்தால்தான் மோர். வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டது. வெறுங்காலில் நடந்து களைத்து வந்த ஓர் அம்மா, "மொதல்ல மோரைக் குடுங்கண்ணா, குடிச்சிட்டு எவ்ளோ வேணா சிரிக்கிறேன்!" என்று தம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

வரிசை மொத்தமும் சிரித்தது. தலைமை ஆள் சிரித்தார். விஷயம் புரியாமல் தலைவரும் சிரித்தார். யாரோ அதை செல்போனில் எடுத்த வீடியோ தமிழ்நாடு முழுக்க ஓடி, சீட்டும் கிடைத்தது. சந்தோஷத்தில் சம்பள உயர்வு கேட்கப் போனேன். தலைவர் ஆசையாக என் தோளில் கைபோட்டார்.

"ஜனங்க இப்பல்லாம் என்னைப் பாத்தாலே சிரிக்கிறாங்கப்பா, இனிமே எழுதறதுக்கு ஆள் எதுக்கு?"

ஆகவே மக்களே, எவ்வளவு நன்றாக எழுதிக் கொடுத்தாலும் முதலாளி தேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.