அவர் பிசைந்து வைத்த மாவு

என் கணவரிடம் நான் கடைசியாகப் பேசியது உப்பைப் பற்றி. பேசியது என்ன, சண்டைதான்.

அவருக்குத் தறி தொழில், பிரெட் சுடுவது பைத்தியம். போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் ஒரு கன்வெக்‌ஷன் ஓவன் வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்கவேண்டும். அதனால் கூடத்தில், தறிக்கு எதிரே, ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் ஓவனை வைத்தோம். மாவில் கை வைப்பதற்கு முன் பழைய வேட்டி ஒன்றை எடுத்துத் தறியை மூடிவிடுவார். பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் சேலை போச்சு. விளக்கு வைத்த பிறகு மாவைப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைப்பார், மறுநாள் சுடுவார். "மெதுவா பொங்குனாதான் ருசி" என்று செல்போனில் யாரோ சொன்னதைத் தானே கண்டுபிடித்தது மாதிரி என்னிடம் சொல்வார்.

உப்பில்தான் வம்பு. ஈஸ்ட்டோடு சேர்த்துப் போட்டால் உப்பு அதைக் கொன்றுவிடும் என்று அவருக்கு ஒரு பயம். கடைசியில் போடுவதற்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைப்பார். அது வைத்த இடத்திலேயே இருக்கும். இரண்டு முறை அப்படிச் சப்பென்று சுட்டு எங்களைத் தின்ன வைத்தார். அன்றைக்கும் மாவை டப்பாவில் போட்டு மூடும்போது கேட்டேன்.

"உப்பு போட்டீங்களா?"

"போட்டுட்டேன்மா."

"ஆமா, போட்டுக் கிழிச்சீங்க. நாளைக்கு நானும் எம் பொண்ணும் மண்ணைத்தான் திங்கணும்."

அவர் கை கழுவப் போய்விட்டார். மறுநாள் நான் எழுவதற்கு முன்னால் பால் வாங்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்தாராம். உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

தறியை நகர்த்த முடியாது. தறிக்கும் ஓவனுக்கும் நடுவில் இருந்த இடத்தில் அவரைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலைகூட வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கையைக் கிள்ளிப் பார்த்தேன்.

"கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கா பாரு" என்று எவளோ சொன்னது காதில் விழுந்தது. வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மத்தியானம், பிளஸ் டூ படிக்கும் என் மகள் வந்து காதோடு சொன்னாள். "அம்மா, தண்ணி பாட்டில் வைக்கிறதுக்கு அப்பா மாவை யாரோ வெளிய எடுத்து வச்சுட்டாங்க. மூடியத் தூக்கிக்கினு வருது."

எழுந்தேன். அன்று முழுக்க நானாக எழுந்தது அதற்கு மட்டும்தான். ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தேன். டப்பாவைத் திறந்து, பொங்கியிருந்த மாவைக் கையால் அமுக்கினேன். ஒரு துளி கிள்ளி வாயில் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். போடவில்லை, பயம். அவர் உப்புப் போட்டிருக்கக் கூடாது கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். போடவில்லை என்றால் நான் பேசியது நியாயம், அதோடு போயிற்று. போட்டிருந்தால்?

பின்னாலேயே என் நாத்தனார் வந்துவிட்டார். என் கணவருக்கு அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர்.

"என்னம்மா இது? செத்தவன் கை வச்ச மாவு வூட்டுல இருக்கக் கூடாது. கொட்டிடு."

"கொட்ட மாட்டேன்" என்றேன். டப்பாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பவும் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் அவரை எடுத்துப் போனார்கள்.

மறுநாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் வந்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டோம். நான் மாவை எடுத்து வெளியே வைத்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டார். காரியம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் அடுப்பு மூட்டிப் பலகாரம் செய்யக் கூடாது, சாப்பாடு சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் வரும் என்றார்.

"அத்தை, இதுல நெருப்பும் இல்ல, எண்ணெய்ச் சட்டியும் இல்ல. உள்ள ஃபேன் சுத்தும், சூடா காத்து வரும். அவ்ளோதான்" என்றாள் மகள்.

"சூடு வருதில்ல? அப்ப அது அடுப்புதான்."

நான் ஸ்விட்சைப் போட்டேன். நூற்று எண்பது டிகிரி. வெறும் ஓவன் பத்து நிமிஷம் சூடானது, பீப் பீப் என்று கூப்பிட்டது. மாவை உள்ளே வைத்தேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அந்த ஓவனில் மேல்பக்கம் சீக்கிரம் கருகும், அதனால் பாதியில் ஒரு ஃபாயிலைப் போர்த்தினேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கூடமெல்லாம் வாசனை வந்தது, எல்லா வாரமும் வருகிற அதே வாசனை. நான் ஓவனில் குறைந்துகொண்டே வந்த நிமிஷக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்து, ஆறவைத்து, அறுத்தேன். அறுத்த துண்டை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மகளும் தொடவில்லை. நாத்தனார்தான் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"குடும்மா. எந்தம்பி பிசைஞ்சது."

ரொம்ப நேரம் மென்றார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"உப்பு?" என்று கேட்டேன்.

எங்கள் சண்டை அவருக்குத் தெரியாது. "சரியாத்தாம்மா இருக்குது" என்றார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க அண்ணி."

"அதான் சொல்றேனே, அளந்து போட்டாப்புல இருக்குது." அப்படியே புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். இருந்தது. பாவி நான், அவர் போட்டுத்தான் இருந்தார்.

தறிமேல் அவர் மூடிய வேட்டி அப்படியே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பி, "போட்டிருக்கீங்க" என்றேன். இன்னொரு முறை சொன்னேன்.