உறுமாத வண்டி

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், அக்கா?" என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை நான். பள்ளி வேனில்தான் போய்வந்தேன். அன்று ஒரு மாணவியின் வீட்டு வாசலில் வேன் நின்றிருந்தது.

"செருப்பைத் தேடுறா, டீச்சர்," என்றார் வேன் ஓட்டும் அக்கா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள திட்டுற சத்தம் கேக்குதுல்ல? வரலைன்னா சத்தமே இருக்காது."

பின் இருக்கையிலிருந்து ஒரு வாண்டு கத்தியது. "மிளகாய்க்கு மட்டும் தனி வண்டி விடுங்க அக்கா!"

"விட்டுடலாம். நீ தள்ளுறியா?"

மிளகாய் என்பது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வேன் பிள்ளைகள் வைத்த பெயர். அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போனபின் அத்தை வீட்டில் இருந்தாள். டிபன் பாக்ஸால் ஒருத்தியின் மண்டையை உடைத்தவள், பிறகு பள்ளிக்கே முழுக்குப் போடப் பார்த்தாள். இனியும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அத்தையும் கைகழுவிவிட்டார்.

அக்கா விடவில்லை. ஆரம்பத்தில் ஹாரன் அடித்திருக்கிறார்; மாடி ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. வண்டியை உறுமவிட்டு மிரட்டியும் பலனில்லை. ஒருநாள் பேட்டரி பழுதாகி வண்டி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. கையெல்லாம் கரியோடு அக்கா போராடிக்கொண்டிருக்க, மிளகாய் இறங்கி வந்து, "ஏன் இன்னும் போகல?" என்றாளாம். அன்றுமுதல் அங்கே இன்ஜினை அணைத்துவிடுவார்.

"உறுமிக்கிட்டே நின்னா, இவளும் விட்டுட்டுப் போகத்தான் போறான்னு அவளுக்குத் தோணும்ல?" என்றார் என்னிடம்.

தாமதமாகிறதென்று மற்ற பெற்றோர் புகார் செய்தார்கள். அக்கா வாதாடவில்லை. என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்ற பிள்ளைகளுக்கு முன்னதாக அவள் வீட்டுக்குப் போய் நிற்கத் தொடங்கினார். மிளகாய் முன் இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாள். அக்கா அறிவுரை சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தப் பக்கம் லாரி வருதா பாரு," என்பார். அவள் எரிச்சலோடு எட்டிப் பார்த்து, "வருது, வருது, நில்லுங்க," என்பாள். வராத நாட்கள் மெல்லக் குறைந்தன.

தேர்வு நெருங்கும்போது அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. அதைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள். மாற்று ஓட்டுநரோ யாருக்காகவும் நிற்காதவர். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை என்னை இறக்கிவிட்டபோது அக்கா சொன்னார்:

"டீச்சர், நீங்க யார்கிட்டயும் அதிர்ந்து பேசாதவங்க. இருந்தாலும் கேக்குறேன். நாளைக்கு நீங்க இறங்கிப் போய் அவ கதவைத் தட்டணும். கண்டபடி பேசுவா, கோவிச்சுக்காதீங்க. வேன் போனா போகட்டும். அவளைக் கூட்டிக்கிட்டு பஸ்ல வாங்க."